அறுக்காமல் போஸ்ட்மார்ட்டம் முடியுமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மதுரையில் தடயவியல் மருத்துவத்தில் இருப்பவன் நான். இந்த வாரம் நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: சார், உடம்பை அறுக்காம ஸ்கேன் எடுத்தே போஸ்ட்மார்ட்டம் பண்ணலாமாமே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்துக்காரர்கள் வளர்த்தெடுத்த முறை இது, டெல்லி எய்ம்ஸில் 2021-லேயே தொடங்கிவிட்டார்கள். எலும்பு முறிவு, உள்ளே தங்கிய தோட்டா, ரத்தக்குழாயில் புகுந்த காற்று இதெல்லாம் சி.டி. ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், நாம் கத்தி வைத்துத் தேடினால் தவறவிடக்கூடியதும் சில சமயம் அதில் மாட்டும். ஆனால் மாரடைப்பில் அது திணறும். பிரிட்டனில் 182 உடல்களை முதலில் ஸ்கேன் எடுத்து, அப்புறம் அறுத்தும் பார்த்து 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சி.டி. சொன்ன மரணக் காரணம் 32 சதவீதத்தில் பெரிய அளவில் மாறிப்போயிருந்தது. பிறகு இதய ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், 2017-ல் வந்த அந்த ஆய்வில் 92 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. பிள்ளையை அறுக்காமல் கொடுங்கள் என்று பிணவறை வாசலில் அழும் பெற்றோருக்காகவாவது இந்த வசதி மாவட்டந்தோறும் வர வேண்டும்.

உசிலம்பட்டி அக்கா ஒருவர்: பூச்சிமருந்து உள்ளே போயிருந்தா ஸ்கேன்ல தெரியுமா டாக்டர்?

தெரியாதும்மா. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் எடுத்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அதன் அறிக்கை வரும்வரை இறுதிக் கருத்து தரமாட்டோம், தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திருமங்கலத்திலிருந்து: இறந்து எத்தனை நேரமாச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

உடல் சூடு மணிக்கு மணி குறைவதை வைத்துக் கணக்குப் போடுவது பழைய வழி. அந்தக் கணக்கெல்லாம் குளிர்நாட்டில் எழுதியது, சித்திரை வெயிலில் மதுரையில் வெளியே 39, 40 டிகிரி அடிக்கும்போது உடம்பு எங்கே ஆறும்? அதனால் விறைப்பு, ரத்தம் தேங்கிய நிறம், ஈப்புழு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம், நேரத்தையும் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் நடுவில் என்றுதான் சொல்வோம். 2024-ல் அமெரிக்காவில் 36 உடல்களை வெவ்வேறு தட்பவெப்பத்தில் வைத்துப் பார்த்ததில், எங்கே கிடந்தாலும் அழுகலின்போது ஒரே கூட்டம் நுண்ணுயிர்கள் வருகின்றன என்று தெரிந்தது. அவை எப்போது வருகின்றன என்பதை வைத்தும் இறந்த நேரத்தைக் கணிக்கலாம், நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நம் கரிசல் மண்ணிலும் கண்மாய்த் தண்ணீரிலும் நாமே சோதித்துப் பார்க்காமல் அதைக் கோர்ட்டில் நம்பி நிற்க என் மனம் ஒப்பாது.

வாடிப்பட்டி மாணவி: ரோபோவே ஆபரேஷன் பண்ணுதாமே ஐயா?

ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ரோபோ டாக்டரின் கை அசைவைத்தான் பின்பற்றுகிறது. 2001-லேயே நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்ஸில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தார்கள். தானாகவே பித்தப்பையை எடுத்ததென்றால் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ரோபோ, 2025-ல். அதுவும் பன்றியிடமிருந்து தனியே எடுத்த உறுப்புகளில்தான்.

மேலூர் தம்பியே மறுபடி: ராத்திரி போஸ்ட்மார்ட்டம் உண்டா சார்?

2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்துவிட்டது, வெளிச்சமும் ஆளும் இருந்தால் செய்யலாம். கொலை, தற்கொலை, சந்தேக மரணம், அழுகிய உடல் என்றால் விடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விலக்கு.