டிரில் மாஸ்டர் பதில்கள்: நாற்பத்து நாலில் மறுபடியும் மேடேறலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பேஸ்பால். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இந்த ஆட்டத்துக்கு இத்தனை பேர் இருக்கிறார்களா என்று ஆசிரியர் குழுவில் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. இதில் பலருக்கு முதல் பந்தைக் கையில் கொடுத்தவனே நான்தான்.

*மாஷே, எனக்கு வயது 44. கல்லூரியில் பேஸ்பால் பிட்சராக, அதாவது பந்து எறிகிறவனாக, இருந்தேன். அப்புறம் குடும்பம், தேங்காய் லாரி, தோள்வலி என்று எல்லாம் விட்டுப்போயிற்று. இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு டீம் சேர்த்திருக்கிறார்கள். ஆசையில் எறிந்து பார்த்தேன். பழைய வேகம் இல்லை. "மாமா, உங்க பந்து வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்" என்கிறார்கள். வேகத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன பயிற்சி செய்யலாம்?*
– வேலந்தாவளம் வாசகர்

தம்பி, வேகம் திரும்பி வராது. காலையும் இடுப்பையும் தோளையும் ஒழுங்காகப் பழக்கினால் கொஞ்சம் ஏறும். இருபது வயது வேகம் ஏறாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், உங்கள் வயசுக்காரர்கள் தோளைக் கெடுத்துக்கொள்வதே அந்தப் பழைய வேகத்தைத் துரத்தித்தான். உங்கள் வேகப்பந்துக்கும் மெதுவான பந்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

ஜேமி மோயர் என்று ஒரு இடக்கைக்காரர், அமெரிக்கர், 1962-ல் பிறந்தவர். இளவயதிலேயே பெரிய வேகம் கிடையாது. 2010 கடைசியில் முழங்கை லிகமென்டுக்கு, அதாவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிற நாருக்கு, ஆபரேஷன்; 2011 முழுக்க ஆட்டம் இல்லை. அந்த வயதில் வேறு யாராயிருந்தாலும் கையுறையைப் பரணில் போட்டிருப்பார்கள். இவர் 2012 ஏப்ரல் 17 அன்று கொலராடோ ராக்கீஸ் அணிக்காக பிட்சர் நின்று எறிகிற மேட்டில் ஏறி, சான் டியாகோ பாட்ரெஸ் அணியை ஜெயித்துக் கொடுத்தார். வயது 49 வருஷம் 151 நாள். அங்கே மேல்மட்டப் போட்டியான மேஜர் லீகில் அவரைவிட மூத்த பிட்சர் யாரும் ஓர் ஆட்டத்தை ஜெயித்ததில்லை. அவருடைய வேகப்பந்து அன்றைக்கு மணிக்கு 130 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. எதிரில் மட்டை பிடித்தவர்களோ தினமும் 145, 150 பார்க்கிறவர்கள்.

எப்படி முடிந்தது? கணக்கு எளிது. மேட்டிலிருந்து மட்டைக்காரர் நிற்கிற ஹோம் பிளேட் 18.44 மீட்டர். பிட்சர் எட்டு வைத்துப் பந்தை விடும்போது அது 17 மீட்டருக்கும் குறைந்துவிடும். 130 கிலோமீட்டர் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. மட்டைக்காரர் அதற்குள் முடிவெடுத்து வீசியாக வேண்டும். அதே கை, அதே வீச்சு, ஆனால் பந்து 115-ல் வருகிறது என்று வையுங்கள். அவர் மட்டை பிளேட்டைக் கடக்கும்போது பந்து இன்னும் சுமார் ஆறடி தள்ளி இருக்கும். மோயர் இருபத்தைந்து வருஷம் சம்பாதித்தது அந்த ஆறடியில்தான். உங்கள் வேகம் 100 என்றால் மெதுவான பந்து 85-ல் வரட்டும், போதும்.

மெதுவாக எறிவதற்குக் கையை மெதுவாக்கினால் கதை முடிந்தது. பையனுக்கு உடனே தெரிந்துவிடும். கை அதே வேகத்தில் வரவேண்டும். பிடி மட்டும்தான் மாறும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பந்தின் ஒரு பக்கத்தில் வட்டமாகச் சேரட்டும். மீதி மூன்று விரலும் பந்தின் மேல். பந்து உள்ளங்கைக்குள் நன்றாக உட்காரட்டும். முதல் சில நாள் பந்து உங்கள் காலடியிலேயே விழும், அல்லது மட்டைக்காரருக்குப் பின்னால் பிடிக்கிற கேட்சர் தலைக்கு மேலே போகும். பரவாயில்லை. தென்னையில் ஒரு சாக்கைக் கட்டி, கரியால் கட்டம் போட்டு, கீழ் மூலை இரண்டையும் குறிவையுங்கள். நடுக் கட்டத்துக்குப் போகிற மெதுவான பந்து பக்கத்துத் தோப்பில்தான் கிடைக்கும்.

மீதிக் கதையையும் நியாயமாகச் சொல்லவேண்டும். மோயர் அந்த வருஷம் ஜெயித்தது 2, தோற்றது 5. ஜூன் தொடக்கத்தில் ராக்கீஸ் அவரை விட்டுவிட்டது. வேகம் குறைந்த பிட்சருக்குக் குறி தப்பக்கூடாது, தப்பினால் அடிதான். வேகக்காரனுக்குக் கிடைக்கிற மன்னிப்பு நமக்குக் கிடைக்காது.

தோள் விஷயம். எறிகிற நாளன்று வலி தெரியாது, உடம்பு சூடாக இருக்கும். மறுநாள் காலையில் பாருங்கள்: கையைத் தூக்கிச் சட்டை போட முடிகிறதா, லாரி ஸ்டியரிங்கை ஒடிக்க முடிகிறதா? முடிந்தால் ஒரு நாள் விட்டு மறுபடியும் எறியலாம். முழங்கையின் உள்பக்கம் வலித்தாலோ, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

அந்த டீக்காரப் பையனையே முதலில் மட்டை பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வேகப்பந்து, அப்புறம் மூன்றாவதாக இது. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

*என் மகனுக்கு 15 வயது, பிட்சர். முழங்கையில் ஆபரேஷன் செய்துகொண்டால் பந்து வேகம் கூடும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு நச்சரிக்கிறான். உண்மையா சார்?*
– கோவிந்தாபுரம் வாசகி

இல்லவே இல்லை அம்மா. அறுந்த லிகமென்டைச் சரிசெய்கிற ஆபரேஷன் அது. நல்ல கைக்குச் செய்கிறது அல்ல. டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தார். வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்தார். மறுபடி ஆட வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றாராம். டாமி ஜான் 1975 முழுக்கச் சும்மா இருந்துவிட்டு 1976-ல் வந்தார். 1989 வரை, 46 வயது வரை, எறிந்தார். மொத்தம் ஜெயித்த 288 ஆட்டத்தில் 164 அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. அதிலிருந்து அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர்தான்.

அந்தத் தசைநாணை மகனுக்குக் காட்டுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவிட்டு மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் கயிறு போல எழும்பி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் செய்தவர்களில் சிலர் முன்பைவிட நன்றாக எறிவது, ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உடற்பயிற்சி செய்ததால். அதைக் கத்தி இல்லாமலே செய்யலாம்.

இந்த வயதுக்கு அமெரிக்காவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது; 76-ஐ எட்டினால் நாலு நாள் ஓய்வு. இங்கே யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் ஓரமாக உட்கார்ந்து எண்ணுங்கள். கோச் முறைத்தால் முறைக்கட்டும்.

*நக்கிள்பால் பழகினால் வயசே தெரியாதாமே?*
– கொல்லங்கோடு வாசகர்

தெரியாதுதான். ஃபில் நீக்ரோ (Phil Niekro) என்ற பிட்சர் 48 வயது வரை அதை வைத்தே ஆடினார். ஆர்.ஏ. டிக்கி கதை இன்னும் விசித்திரம்: அவருடைய வலது முழங்கையில், மேலே சொன்னேனே, அந்த லிகமென்டே கிடையாது. ஒரு பத்திரிகைப் படத்தில் கை இருந்த விதத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்து, முதலில் பேசிய தொகையை அணி குறைத்துவிட்டது. பல வருஷம் அலைந்து, நக்கிள்பாலுக்கு மாறி, 2012-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

நகத்தைப் பந்தில் ஊன்றி, சுழலவே விடாமல் தள்ளவேண்டும். சுழலாத பந்தின் தையலில் காற்று பட்டு அது இஷ்டத்துக்கு அலையும். எதிர்க்காற்று இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். அந்த விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள். பாலக்காட்டுக் கணவாய் காற்று யாருக்கு வாய்க்கும்? ஆடியில் அம்மியே நகர்கிற நேரத்தில் மேற்கே பார்த்து எறியுங்கள். கார்த்திகையில் விருச்சிகக் காற்று வந்தால் கிழக்கே திரும்பிக்கொள்ளுங்கள். ஆனால் கேட்சருக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கே போகும் என்று எறிகிற உங்களுக்கே தெரியாத பந்தை அவர் பிடிக்கவேண்டும். நகத்தையும் வெட்டித் தேய்த்து வைக்கவேண்டும். கடலை பிடுங்குகிற சீசனில் இது நடக்காது.

*கிரிக்கெட்டில் நம்மவர் யாராவது இப்படி வேகத்தை விட்டுவிட்டு ஜெயித்தது உண்டா?*
– சித்தூர் மாணவர், பாலக்காடு மாவட்டம்

சித்தூர் என்றாலே ஆந்திரா என்று நினைப்பவர்களுக்காக மாவட்டம் போட்டிருக்கிறாய், நல்லது. லட்சுமிபதி பாலாஜி. 2004 பாகிஸ்தான் பயணத்தில் ஊரெல்லாம் கொண்டாடினார்கள். அப்புறம் முதுகெலும்பில் காயம், வருஷக்கணக்கில் ஓய்வு, பந்துவீசும் முறையையே மாற்றவேண்டி வந்தது. திரும்பி வந்தபோது கையில் மெதுவான பந்துகள்தான் அதிகம். 2008 மே 10, சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் அதுதான்.

ஜாகீர் கானையும் சேர்த்துக்கொள். 2011 உலகக் கோப்பைக் கால் இறுதியில் மைக் ஹஸ்ஸியின் ஸ்டம்பைச் சாய்த்தது மேலே சொன்ன அதே நக்கிள்பாலின் உறவுக்காரப் பந்து.

*பேஸ்பாலில் அதிக வயதில் எறிந்தவர் யார்?*
– மீனாட்சிபுரம் வாசகர்

சேட்செல் பெய்ஜ். 1965 செப்டம்பர் 25, கன்சாஸ் சிட்டி அணிக்காக, 59 வயதில். மூன்று இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட். டிக்கெட் விற்க அணி முதலாளி செய்த வேடிக்கைதான் அது. ஆடும் நாற்காலி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தியிருந்தார். ஆனால் பந்து வேடிக்கை இல்லையே, அந்த மூன்று இன்னிங்ஸில் பாஸ்டன் அணியால் ஒரு ரன் எடுக்க முடியவில்லை. கறுப்பர் என்பதால் அவரை மேஜர் லீகுக்குள் விட்டதே 1948-ல், 42 வயதில். நல்ல வயதெல்லாம் வெளியே நின்றவர். இதை "முதுமையிலும் சாதனை" என்று மட்டும் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

*பேஸ்பால் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. கிரிக்கெட் பந்தை வைத்துப் பழகலாமா?*
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

வேண்டாம். பேஸ்பால் 142-லிருந்து 149 கிராம். கிரிக்கெட் பந்து 156-லிருந்து 163. பத்துப் பதினைந்து கிராம்தானே என்று தோன்றும். நூறு முறை எறிந்தால் முழங்கைக்குத் தெரியும். தையலும் வேறு. கிரிக்கெட் பந்தில் நடுவில் வரிசையாக ஓடுகிறது. பேஸ்பாலில் வளைந்து வளைந்து பந்தையே சுற்றி வருகிறது. அதில் பழகிய பிடி இதில் உதவாது. கோயம்புத்தூர் போகிறவர் யாரிடமாவது சொல்லி விளையாட்டுச் சாமான் கடையில் அரை டஜன் வாங்கிவரச் சொல்லுங்கள். தோல் கிழிந்த பழைய பந்து இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சாக்கில் எறிய அது போதும்.