மிஷினை விற்காதீர்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டிலேயே பெல்ட்டும் பர்ஸும் தைக்கிறீர்கள், ஆர்டர் கொடுத்த கடை நின்றுவிட்டது, மழையில் தோல் பூஞ்சை பிடித்துவிட்டது, தையல் மிஷினை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள் அண்ணா. பழைய மிஷின் பாதி விலைக்குக்கூடப் போகாது. திரும்ப வாங்கும்போது வலிக்கும்.

முதலில் தோல். மேலே வெள்ளையாகப் படிந்த பூஞ்சைதான் என்றால் தோல் வீணாகிவிடவில்லை. வெளியே எடுத்துப் போய்க் காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து, மடித்த இடத்தில் வெடித்துவிடும். பாலித்தீனில் சுற்றுவதுதான் பாதிக் கேடு. பழைய செய்தித்தாளில் சுருட்டி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கறை போகாத துண்டுகள் சாவிக்கொத்துக்கும் வாட்ச் பட்டைக்கும் ஆகும். நான் கறுப்புச் சாயம் ஏற்றியே ஒரு கட்டுத் தோலை விற்றுத் தள்ளிவிட்டேன்!

பணத்துக்கு, கொஞ்ச நாள் ரிப்பேர் வேலை பாருங்கள். ஸ்கூல் பை ஜிப், செருப்பு வார் எல்லாம் அன்றன்றைக்குக் கையில் காசு. கௌரவம் பார்த்தால் நான் 2020இலேயே கடையை மூடியிருப்பேன்.

அப்புறம், 35 வயது தாண்டியிருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில், கைவினைத் தொழிலாளர்களுக்கான தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். ஆனால் பழைய கடனை அடைக்க அதை வாங்காதீர்கள்.

அந்தக் கடை பாக்கி ஏதும் வைத்திருக்கிறதா? பில் இருக்கிறதா?