பனிச்சறுக்கு விடுமுறை: அவரே சொல்லித் தரட்டுமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: "நானும் கணவரும் ஒரு வாரம் பனிமலைக்குப் போகிறோம். அவர் கல்லூரிக் காலத்திலிருந்தே சறுக்குபவர், எந்தச் சரிவிலும் இறங்கிவிடுவார். நான் ஸ்கீயைக் காலில் மாட்டியதே இல்லை. 'பயிற்சி வகுப்பெல்லாம் எதற்கு, ரெண்டு நாளில் நானே சொல்லித் தருகிறேன்' என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? சேர்ந்து இருக்கத்தானே போகிறோம்?"

ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் சரி.

நன்றாகச் சறுக்குகிறவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. பல வருடப் பழக்கத்தில் எல்லாம் தானாக நடக்கிறது. அதனால் அவர் வாயிலிருந்து வருவது 'பயப்படாதே', 'முன்னால் சாய்', 'அப்படியே திரும்பு' என்பதுதான். சொல்வது உண்மைதான், ஆனால் புதிதாக நிற்பவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். எடை குதிகாலுக்குப் போனதும் ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பிடிக்காது. பிடிக்காத ஸ்கீ திரும்பாது, வேகம்தான் கூடும். வேகம் கூடினால் பயம், பயத்தில் இன்னும் பின்னால் சாய்வு. இந்தச் சுழலிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவர 'முன்னால் சாய்' என்று கத்துவது உதவாது. ஏறக்குறைய சமதளமான இடத்தில், தானே நின்றுவிடும் வேகத்தில், திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். ஸ்கீ முனைகளை நெருக்கி வால்களை விரிக்கும் ஆப்பு நிலையில் தொடங்கி, படிப்படியாக இரண்டு ஸ்கீயும் இணையாகத் திரும்பும் இணைச் சறுக்கலுக்குக் கொண்டுபோகும் முறையை ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் ஹானஸ் ஷ்னைடர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தினார். இன்றைய வகுப்புகளிலும் அந்த வரிசையின் சாயல் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், பாதையைத் தேர்ந்தெடுப்பது. பாதை எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். 'நீலம்தான், ஒன்றுமில்லை' என்று அவர் மேலே கூட்டிப்போவார். ஐரோப்பாவில் நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸ் போன்ற இடங்களில் அதற்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சிவப்பே கிடையாது. ஆக ஓரிடத்து நீலமும் இன்னோரிடத்து நீலமும் ஒன்றல்ல. அதோடு, ஒரே மலையில் காலையில் மெத்தென்று இருந்த நீலப் பாதை பிற்பகலில் உறைந்து வழுக்கும். பாதை நடுவில் பயந்து உட்கார்ந்துவிட்டால் கணவன் மனைவிக்குள் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்றுநர்கள் எல்லாருக்குமே தெரியும்.

சரி, எப்படித் திட்டமிடுவது? முதல் மூன்று நாள் காலையில் நீங்கள் குழு வகுப்பில் சேருங்கள். அந்த நேரத்தில் அவர் தன் தரத்துக்கு ஏற்ற பாதைகளில் ஆசைதீரச் சறுக்கட்டும். அவருக்கும் அது விடுமுறைதானே. மதியம் சந்தியுங்கள். பிற்பகலில் ஒரு மணி நேரம் போல, நீங்கள் காலையில் பழகிய அதே பாதையில் சேர்ந்து இறங்குங்கள். அவர் உங்கள் பாதைக்கு வர வேண்டும், நீங்கள் அவர் பாதைக்குப் போகக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்படி இறங்கும்போது அவர் முன்னால் மெதுவாக, அகலமான வளைவுகளாகப் போகட்டும். நீங்கள் அவர் தடத்தைத் தொடருங்கள். அறிவுரை வேண்டாம், வழிகாட்டினால் போதும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வேகமாக இறங்கியவர் கீழே நின்று இளைப்பாறுகிறார், மெதுவாக வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்கிறார், உடனே 'போகலாமா?' என்று முதலாமவர் கிளம்பிவிடுகிறார். ஓய்வு தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பின்னால் வந்தவர் சொன்ன பிறகுதான் கிளம்புவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நிற்பதும் பாதை ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளில் இது ஒன்று. கீழே போகிறவருக்கு இடையூறு இல்லாமல் வழியைத் தேர்ந்தெடுப்பது மேலே இருப்பவரின் பொறுப்பு என்பதும் அவற்றில் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய ஆறுதல். பின்னால் யார் வருகிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கிளம்பும்போதும், வேறொரு பாதையில் சேரும்போதும் மேலும் கீழும் பார்த்தால் போதும்.

அடுத்து, கருவிகள். அவருடைய பழைய ஸ்கீயையோ தோழியின் பூட்ஸையோ வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். பூட்ஸ்தான் முக்கியம். அதன் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் வைத்துச் சொல்லப்படுகிறது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் சற்று விலக வேண்டும். கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதுதான் சரியான அளவு. தொளதொள என்று இருந்தால் நீங்கள் திரும்ப நினைப்பது ஸ்கீக்குப் போய்ச் சேராது. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறை போட வேண்டாம், மடிப்பு விழுந்து வலிக்கும், ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். மெல்லிய, நீளமான ஒன்றே போதும்.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது காலை விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையில் விடுவிப்பது என்பதைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், சறுக்கும் தரம் ஆகியவற்றை வைத்து அமைப்பார். கணவர் பக்கத்தில் நிற்கிறாரே என்று எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், ஸ்கீ தேவையில்லாமல் கழன்றுகொள்ளும். அவரும் பெருமைக்காக உங்களை 'ஓரளவு தெரிந்தவர்' என்று எழுதிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். ஸ்கீ விபத்துகளில் அதிகம் அடிபடும் மூட்டு அதுதான். ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும். காகிள்ஸும் சன்ஸ்கிரீனும் மேகமூட்ட நாளிலும் தேவை. 1000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, புதுப் பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பாதை வரைபடத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் பாதை என்ற கணக்கு இல்லை. தொடக்கச் சரிவும் அவருடைய கடினமான பாதைகளும் மதியம் சந்திக்கும்படி ஒரே லிஃப்ட் (சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட வசதி) நிலையத்தை ஒட்டி இருக்கின்றனவா, மேலிருந்து ஊருக்கு எளிய பாதை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிள் காரில் கீழே வர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நாற்காலி லிஃப்டுகள் சிலவற்றில் ஆட்களைக் கீழ்நோக்கி ஏற்றிவர மாட்டார்கள். தங்குமிடம் 2500 மீட்டருக்கு மேல் இருந்தால் முதல் ஓரிரு நாள் தலைவலி, தூக்கமின்மை வரலாம். நிதானமாகத் தொடங்குங்கள்.

அவருக்கும் ஒரு சொல். நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் குறியிட்ட பாதையை விட்டுப் புதுப் பனியில் தனியாக இறங்க ஆசை வரும். வேண்டாம். பனிச்சரிவு எச்சரிக்கை 1 முதல் 5 வரை. நடுவில் இருப்பதால் 3 சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அது கணிசமான ஆபத்தைக் குறிக்கும் நிலை. 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி பெயர்ந்து விழுகிறது, நல்ல சறுக்கர்களுக்குப் பிடித்த சரிவுகளும் அவைதான். பனியில் புதைந்தவரைத் தேடும் கருவி, நீளக் கம்பி, மண்வாரி ஆகியவற்றோடு, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் போகக் கூடாது. பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கும், மலை மீட்பும், பாதைக்கு வெளியே சறுக்குவதும் அடங்குமா என்று இருவரும் தனித்தனியே படித்துப் பாருங்கள்.

மூன்று நாள் முயன்றும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பனியில் நடக்கும் பாதைகள், ஸ்லெட்ஜ், சமவெளி ஸ்கீ என்று வேறு வழிகள் பல இடங்களில் உண்டு. அதனால் லிஃப்ட் சீட்டை முதலிலேயே வாரம் முழுவதற்கும், மலை முழுவதற்கும் வாங்க வேண்டாம். தொடக்கக்காரர்களுக்கு மட்டுமான சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். விடுமுறைக் கூட்டம் சேரும் வாரங்களில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்புகள் வேகமாக நிரம்பிவிடும். அறையை உறுதி செய்யும்போதே வகுப்புக்கும் பதிவு செய்துவிடுங்கள்.