திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: தங்கை மகள் கல்யாணத்துக்காக 6,500 ரூபாய் கொடுத்து ஆரி வேலைப்பாடு செய்த பட்டு ரவிக்கை ஒன்று வாங்கினேன். முழுக்கக் கை வேலை என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். முகூர்த்தத்தன்றே கைப்பகுதியில் கற்கள் உதிர்ந்துவிட்டன. உட்புறம் எங்கும் வெள்ளை நூல் தெரிகிறது. காகிதம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. கேட்டால், ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. கற்களைத் தைக்காமல் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். வியர்வை பட்டதும் விட்டுவிட்டது.

எங்கள் தெருவில் ஆரி போடும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தில் துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டியிருப்பார். வலக்கையில் கொக்கி முனை ஊசி. இடக்கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும். ஊசி ‘டப்’ என்று இறங்கி, நூலைக் கொக்கியில் மாட்டி வளையமாக மேலே இழுக்கும். அந்த வளையத்துக்குள் அடுத்த வளையம். மேலே சங்கிலி விழும். அடியில் அதே நூல், அதே நிறத்தில், ஒற்றைக் கோடாக ஓடும். எம்பிராய்டரி மெஷினிலோ மேல்நூல் வேறு, அடியில் பாபின் நூல் வேறு. பாபினில் பெரும்பாலும் வெள்ளைதான் போடுவார்கள். துணி சுருங்காமலிருக்க அடியில் தாள் வைத்துத் தைப்பதும் உண்டு. உங்கள் ரவிக்கை உள்ளே காட்டுவது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரிச் சங்கிலி ஒரு முனையிலிருந்து சரசரவென்று பிரிந்து வந்தால், உடனே ‘கை வேலை இல்லை’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். கடைசி வளையத்தில் முடிச்சு சரியாக விழாவிட்டால் அசல் கை வேலையும் அப்படித்தான் பிரியும். செய்தவரிடமே கொண்டுபோனால் சில நிமிடங்களில் சரிசெய்து தருவார்.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். பில்லில் அச்சடித்த அந்த வாசகத்துக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வையுங்கள். உங்கள் வழக்குக்கு அதுதான் உயிர். ரவிக்கையை உள்பக்கம் தெரியப் படமெடுங்கள். பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: கைத்தறி முத்திரை இருந்தால் கை வேலை என்று நம்பலாமா? நேரடியாகச் செய்து வாங்குவதென்றால் என்ன விலை நியாயம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: 2006இல் வந்த அந்த முத்திரை துணி கைத்தறியில் நெய்தது என்று மட்டுமே சொல்கிறது. சிறுமுகைப் பட்டின் மேல் மெஷினில் பூப்போட்டாலும் முத்திரை பொய்யாகிவிடாது. பட்டு முத்திரையும் அப்படியே. நூல் பட்டு என்பதற்குத்தான் அது சாட்சி.

விலையை நாள் கணக்கில் கேளுங்கள். இரண்டு கைக்கும் கழுத்துக்கும் ஐந்து நாள் வேலை என்றால், நாளைக்கு 700 ரூபாய் வைத்தாலே கூலி 3,500. மணி, ஜரிகை, துணி, தையல் எல்லாம் அதற்கு மேல். அதே வேலையை ‘ஆயிரத்து ஐந்நூறுக்கு முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், யாரோ ஒரு பெண்ணின் கூலியில் கை வைக்கிறார்கள், அல்லது அது கை வேலையே இல்லை. இந்த இடத்தில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

வைகாசி, ஆவணி முகூர்த்த நெருக்கடியில் போய் நிற்காமல் இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். உள்ளங்கை அளவு மாதிரி ஒன்று போட்டுக் காட்டச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பில்லில் ‘கை ஆரி வேலை, தைத்த கற்கள்’ என்று எழுதி வாங்குங்கள். தையலுக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக விடச் சொல்லுங்கள். உடம்பு போட்டாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். ரவிக்கை நைந்துபோனாலும் வேலைப்பாட்டுப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம். ஜரிகைமேல் சென்ட் அடிக்காதீர்கள், கறுத்துவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: ஊட்டியில் தோடர் சால்வை என்று விற்பதில் அசலை எப்படி அறிவது?
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமான நூலால் தைப்பார்கள், கோடு வரைந்துகொள்வதில்லை. விரலால் தடவினால் நூல் மேடாக இடற வேண்டும். வழவழவென்று இருந்தால் அச்சு. தோடர்கள் தையலின் சொரசொரப்பான பக்கத்தையே வெளியே தெரியப் போர்த்துவார்கள். விற்பவர் அந்தப் பக்கத்தை மேலே விரித்துக் காட்டினால் தவறுதலாக விரித்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.