பெராக்சைடைத் துணியால் துடைக்காதீர்கள்

கேள்வி: திருப்பூருக்கு அருகே ஒரு சலவைப்பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன மாதம், துணி வெளுக்கப் பயன்படுத்தும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்த 50 கிலோ கேன் ஒன்று கவிழ்ந்து, ஏறக்குறையப் பாதி தரையில் கொட்டிவிட்டது. ஆட்கள் பனியன் வேஸ்டையும் சாக்கையும் போட்டு ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மூட்டை புகைகிறது. சற்று நேரத்தில் எரியவே தொடங்கிவிட்டது. தீயணைக்கும் பவுடர் சிலிண்டரை அடித்தோம். அடங்கியது போல் இருந்து மறுபடியும் பற்றியது. நான் தண்ணீர் ஹோஸை இழுத்தேன். "கெமிக்கல் தீயில் தண்ணீர் ஊற்றாதே" என்று முதலாளி தடுத்தார். யார் சொன்னது சரி? அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி. பெராக்சைடு சம்பந்தப்பட்ட தீக்குத் தண்ணீர்தான் மருந்து, அதுவும் தாராளமாக. உங்கள் முதலாளியின் பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அன்று நடந்த தவறு தீயை அணைத்த விதத்தில் இல்லை. கேன் கவிழ்ந்ததிலும் இல்லை. வேஸ்ட் துணியைக் கையில் எடுத்தபோதே அது தொடங்கிவிட்டது.

பெராக்சைடு தானாக எரியாது. எரியக்கூடிய மற்றொன்றுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து எரிய வைக்கும். 50 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வாயு வெளிவரும். கூடவே நல்ல வெப்பமும் வரும். கான்கிரீட் தரையில் பரவிக் கிடக்கும்போது அந்த வெப்பம் காற்றிலும் தரையிலும் போய்விடும். பருத்தித் துணியில் ஊறி, சாக்குக்குள் அழுந்தி, மூட்டையாகக் கட்டப்பட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே சூடு ஏற ஏறச் சிதைவு வேகமெடுக்கும். சிதைவு வேகமெடுக்க எடுக்கச் சூடு மேலும் ஏறும். இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பெராக்சைடு 150 டிகிரியில். ஈரத் துணி காயும்போது முதலில் போவது தண்ணீர். மிஞ்சுவது முன்பைவிடச் செறிவான பெராக்சைடு. மூட்டை காய்ந்துகொண்டிருந்தது என்று நீங்கள் நினைத்திருந்த நேரத்தில் அது வலுவேறிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த துரு, இரும்புத் தூள், சிந்தியிருந்த காஸ்டிக் சோடா ஆகியவையும் துணியோடு சேர்ந்து வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இவை ஒவ்வொன்றும் சிதைவைத் தூண்டிவிடும். சாப்பாட்டு இடைவேளை அதற்குப் போதும்.

இது பட்டறையில் மட்டும் நடப்பதில்லை. 1998 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலிருந்து மெம்பிஸுக்குச் சென்ற நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் சரக்கறையில், பயணி ஒருவரின் ஐஸ் பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து 35 சதவீத பெராக்சைடு கசிந்தது. அப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதாக யாரும் அறிவித்திருக்கவில்லை. நனைந்த பயணப் பைகளில் சில வேறொரு விமானத்துக்கு மாற்றப்பட்டு சியாட்டில் போய்ச் சேர்ந்தன. இறக்கும்போது அவை புகைந்துகொண்டிருந்தன. உங்கள் கேனில் இருந்ததைவிடக் குறைந்த செறிவு அது. ஊறியதும் சாதாரணத் துணிமணிதான்.

இனி பவுடர் விஷயம். பவுடர் சுடரை அடக்கும், ஆனால் குளிர்விக்காது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீயைச் சுற்றியுள்ள காற்றை விலக்கி மூச்சுத் திணற வைக்கும். தீக்குத் தேவையான ஆக்சிஜன் துணிக்குள்ளேயே ஊறிக் கிடக்கும்போது வெளிக்காற்றை விலக்கி என்ன பயன்? ஈரச் சாக்கைப் போட்டு மூடுவதும் இதே கதைதான். தண்ணீர் மட்டும்தான் சூட்டையும் இறக்கி, பெராக்சைடையும் நீர்க்கச் செய்து, எரிபொருளையும் நனைக்கிறது.

முதலாளி பயந்ததற்குக் காரணம் ஹைட்ரோஸாக, அதாவது சாயமிடும்போது பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூளாக, இருக்கலாம். எந்தச் சாயப்பட்டறையிலும் அந்த டிரம் இருக்கும். ஹைட்ரோஸில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் அது சூடேறி, தானே பற்றி, மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடைக் கக்கும். பற்றாமல் இருக்கும் அந்த டிரம் பக்கம் ஹோஸைத் திருப்பக்கூடாது என்பது உண்மைதான். மின்பலகைக்கும் அதே எச்சரிக்கை: மெயினை அணைக்காமல் தண்ணீர் அடிக்காதீர்கள், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அங்கேதான் உதவும். "கெமிக்கல் தீ" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கி, ஒரே விதியை மனப்பாடம் செய்துவைப்பதுதான் நம் பட்டறைகளின் தொல்லை. பெராக்சைடும் ஹைட்ரோஸும் நேர் எதிர்க் குணம் கொண்டவை. ஒன்று ஆக்சிஜனைக் கொடுக்கும், மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே அறையில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரியுங்கள்.

அடுத்த முறை கேன் கவிழ்ந்தால் முதல் வேலை, வேண்டாத ஆட்களை வெளியே அனுப்புவது. கவிழ்ந்த கேனை நிமிர்த்துகிறவர் முகக்கவசமும் ரப்பர் அல்லது பி.வி.சி. கையுறையும் கம்பூட்ஸும் போட்டிருக்க வேண்டும். தோல் கையுறையும் தோல் செருப்பும் கூடாது. தோலும் எரியும் பொருள்தான். பக்கத்தில் இருக்கும் துணிப் பேல், அட்டைப்பெட்டி, மரப் பலகை ஆகியவற்றை நனையும் முன் நகர்த்துங்கள். திரவம் ஓடும் பாதையை உலர்ந்த மணலால் அணை கட்டலாம். மரத்தூள், தேங்காய் நார், சாக்கு, துடைப்பம், பேப்பர் எதுவும் வேண்டாம். பிறகு தண்ணீர். ஒரு லிட்டர் பெராக்சைடுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஊற்றினால் செறிவு 5 சதவீதத்துக்கு அருகில் இறங்கும். இருபது லிட்டர் என்றால் நிம்மதி. உங்களிடம் கொட்டிய பாதிக் கேன் ஏறக்குறைய 20 லிட்டர். இரண்டு பெரிய பேரல் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஏன் ஆட்கள் தண்ணீரை விட்டுவிட்டுத் துணியை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலைக்குத் திருப்பூர் வந்துவிட்டது. ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் காசு. "தண்ணியை வீணாக்காதே" என்று தினமும் சொல்லிக் கேட்ட தொழிலாளி, கொட்டியதைத் துணியால் துடைப்பதுதான் சிக்கனம் என்று நினைப்பதில் வியப்பில்லை. அவரைத் திட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று முதலாளியே ஆட்களிடம் நேரில் சொல்ல வேண்டும்.

கழுவிய நீர் மழைநீர் வடிகாலுக்குப் போகக்கூடாது. கழிவுநீர் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டருக்கு உடனே சொல்லிவிடுங்கள். பெராக்சைடு கலந்த நீர் நேராக உயிரியல் தொட்டிக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்கள் செத்துப்போகும். மெஷினில் மிஞ்சிய பெராக்சைடை அழிக்க நீங்கள் பயன்படுத்தும் பெராக்சைடு கில்லர் என்சைமை, நன்றாக நீர்த்துப்போன அந்தத் தொட்டி நீரில் சேர்க்கலாம். தரையில் கிடக்கும் 50 சதவீதத்தின் மேல் அதைக் கொட்டினால் பொங்கிச் சீறும். ஹைட்ரோஸ் போட்டு "நியூட்ரல்" செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உடம்பில் பட்டால் தோல் வெளுக்கும், சுருக்கென்று குத்தும். உடனே நிறையத் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். நனைந்த சட்டை, லுங்கி, பேன்ட் எல்லாவற்றையும் அந்தத் தண்ணீருக்கு அடியிலேயே கழற்றி, ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள். மூலையில் குவித்தால் அதுவும் இன்னொரு மூட்டைதான். கண்ணில் தெறித்திருந்தால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடத்துக்கு மேல் கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வயிற்றுக்குள் ஆக்சிஜன் வாயு உப்பும், அது ரத்தத்துக்குள்ளும் போகலாம்.

தீ உங்கள் கைக்கு அடங்கும் அளவு எது? ஒரு மூட்டை எரிகிறது, கேன்கள் தூரத்தில் இருக்கின்றன என்றால் ஹோஸ் பிடிக்கலாம். கேன்கள் அடுக்கிய இடத்தை நெருப்பு நெருங்கிவிட்டால், அல்லது ஒரு கேன் தொடாமலே சூடு தெரிகிறது, உப்புகிறது, மூடித் துளையில் சீறுகிறது என்றால், அதை நகர்த்தும் வீரம் வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, 101-ஐ அழைத்து, முடிந்தால் தொலைவிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்படி ஹோஸைக் கட்டிவைத்துவிட்டு நகருங்கள். அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேடு, இந்த வகைத் திரவம் சிந்தினாலே 50 மீட்டர் விலகச் சொல்கிறது. டேங்கர் லாரி தீயில் சிக்கினால் 800 மீட்டர்.

101-இல் பேசும்போது "தீப்பிடித்துவிட்டது" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, 50 சதவீதம், இத்தனை கேன், பக்கத்தில் ஹைட்ரோஸ் இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லுங்கள். 2022 ஜூன் 4 இரவு வங்கதேசத்தின் சீதாகுண்டில் ஒரு கன்டெய்னர் கிடங்கு எரிந்தபோது, உள்ளே பெராக்சைடு இருப்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று தீயணைப்புத் துறையினர் பின்னர் கூறினார்கள். தீயை அணைக்கப் பக்கத்தில் நின்றவர்கள் மேல் அது வெடித்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் அவர்களில் அடக்கம். கையிருப்பு விவரத்தை ஒரு தாளில் எழுதி, பட்டறைக்கு உள்ளே அல்ல, வாசல் காவலாளியிடம் வைத்திருங்கள்.

வெளுக்கப் பயன்படும் மற்றொரு ரசாயனமான சோடியம் ஹைப்போகுளோரைட் சிந்தினாலும் தண்ணீர்தான். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பதால் அசிட்டிக் அமிலக் கேன் அதன் பக்கம் இருக்கக்கூடாது. அதே வேலைக்குச் சோடியம் குளோரைட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது ஊறிய துணி காய்ந்தபின் வெறும் உரசலிலேயே பற்றிக்கொள்ளும்.

கடைசியாக, கேன்கள். மூடியில் இருக்கும் சிறு துளை வாயு வெளியேறுவதற்காக வைத்தது. ஒழுகுகிறது என்று டேப் ஒட்டி அடைக்காதீர்கள். சிந்தியதையோ வாளியில் மிஞ்சியதையோ கேனுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் துளி அழுக்கு முழுக் கேனையும் கெடுக்கும். காலியானதும் மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்த நீரைச் சேகரிப்புத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கேனைத் துளையிட்ட பிறகே பழைய பொருள் கடைக்குக் கொடுங்கள். துளையிடாத கேன் யார் வீட்டிலோ தண்ணீர்க் குடமாகிவிடும்.