தன்னையே வெட்டாத கத்திரி

கேள்வி: பாக்டீரியாவுக்குள் நுழையும் வைரஸின் டிஎன்ஏவை ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்டிவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. அந்த நொதி தேடும் அதே எழுத்துகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவிலும் இருக்குமே, அதை ஏன் வெட்டுவதில்லை?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: சரியான இடத்தில் பிடித்தாயம்மா. இதே கேள்வி, நான் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருஷம் என்னைத் தலைகீழாக நின்று படுத்தியது. பிசிஎல்-1 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியால் ஒரு பிளாஸ்மிடை, அதாவது பாக்டீரியாவுக்குள் வளரும் குட்டி டிஎன்ஏ வளையத்தை, வெட்ட வேண்டும். 50 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தால், வெட்டுப்படாத பிளாஸ்மிடின் அதே ஆரஞ்சுப் பட்டைகள். மறுநாளும் அப்படியே. முந்தின வாரம் கரண்ட் போய் ஃபிரீசர் உருகியிருந்தது. நொதி கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டி, புதிதாக வாங்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்த புது நொதியும் வெட்டவில்லை. எங்கள் சீனியர் அக்கா ஜெல் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. “பிளாஸ்மிடை எந்த ஈ.கோலையில வளர்த்த?” என்று மட்டும் கேட்டார்.

ஈ.கோலை என்பது லேபில் வழக்கமாக வளர்க்கும் பாக்டீரியா. நான் வளர்த்தது அதன் சாதாரண வகையில்தான். வினையே அதுதான். அதில் டேம் என்றொரு நொதி உண்டு. ஜி-ஏ-டி-சி என்று எழுத்துகள் வரும் இடமெல்லாம் அந்த ஏ-யின் மேல் ஒரு மீதைலை ஒட்டிவிடும்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். பிசிஎல்-1 தேடுவது டி-ஜி-ஏ-டி-சி-ஏ. நடுவில் அதே நான்கெழுத்து! மீதைல் உட்கார்ந்திருந்தால் இந்த நொதி தொடாது. டேம் இல்லாத ஈ.கோலையில் வளர்த்து எடுத்ததும், கெட்டுப்போனதாக நான் ஒதுக்கிவைத்த பழைய நொதியே கச்சிதமாக வெட்டியது. அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் துறைத் தலைவரின் கண்ணில் படாமல் நடமாடினேன்.

உன் பாக்டீரியாவும் இப்படித்தான் தப்பிக்கிறது. கத்திரி வைத்திருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் அதற்கு ஜோடியாக, அதே எழுத்துகளில் மீதைல் ஒட்டும் நொதியையும் வைத்திருக்கும். ஈகோஆர்-1 தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி. ஜோடி நொதி அதன் இரண்டாவது ஏ-யில் குறி வைக்கும். செல் பிரிவதற்காக டிஎன்ஏ இரட்டிக்கும்போது பழைய இழையில் குறி இருக்கும், புதிய இழையில் இருக்காது. பாதிக் குறி இருந்தாலே இரண்டு இழையும் சேர்ந்து அறுபடாது; அதற்குள் ஜோடி நொதி வந்து மீதியையும் ஒட்டிவிடும். வெளியிலிருந்து வரும் வைரஸுக்கோ இரண்டு இழையும் மொட்டை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லாம்டா ஃபேஜ் கதை. (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் பெயர்தான் ஃபேஜ்.) ஈ.கோலை ‘சி’ வகையில் வளர்ந்த லாம்டாவை ‘கே’ வகையில் விட்டால், பத்தாயிரத்தில் ஒன்றிரண்டுதான் பிழைக்கும். வெட்டு விழுவதற்குள் மீதைல் ஒட்டப்பட்ட அதிர்ஷ்டசாலிகள் அவை. அவற்றின் வாரிசுகளை மறுபடி ‘கே’யில் விட்டால் எல்லாமே தழைக்கும். மியூட்டேஷன் என்றுதானே சொல்வாய்? ஆனால் ஒரே ஒரு சுற்று ‘சி’யில் வளர்த்து எடுத்தால், மறுபடி பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு! எழுத்து எதுவும் மாறவில்லை. கடைசியாகத் தங்கிய வீட்டின் முத்திரை அது. 1953-இல் பெர்டானியும் வைக்லேயும் இதைக் காட்டினார்கள். (பாக்டீரியா வளர்க்க லேபில் தினமும் காய்ச்சும் எல்பி என்ற சத்துநீரை ‘லூரியா-பெர்டானி’ என்போம். பெர்டானி நினைத்தது ‘லைசோஜெனி பிராத்’.)

முத்திரை வைரஸின் டிஎன்ஏ மேலேயே இருக்கிறது என்று 1962-இல் ஜெனீவாவில் காட்டியவர்கள் வெர்னர் ஆர்பரும் டெய்சி டுஸ்வாவும். அப்புறம், பாக்டீரியாவுக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் கிடைக்காவிட்டால் குறி விழுவதில்லை என்பதையும் ஆர்பர் கண்டார். செல்லுக்குள் மீதைல் வருவது அதிலிருந்துதான். 1978-இல் நேத்தன்ஸ், ஸ்மித்துடன் அவருக்கு நோபல் கிடைத்தது. டுஸ்வாவின் பெயரும் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: மனித டிஎன்ஏவிலும் மீதைல் உண்டாமே, நமக்கும் இதே பாதுகாப்பா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: உண்டு, ஆனால் வேலை வேறு. நம்மிடம் அது பெரும்பாலும் சைட்டோசின், அதாவது சி எழுத்தின் மேல் உட்காரும். சில மரபணுக்களை அடக்கி வைக்க உதவும். நம்மிடம் இந்தக் கத்திரி ஜோடி கிடையாது.

கேள்வி: வைரஸ் இதற்கெல்லாம் மாற்று வழி பார்க்காமலா இருக்கும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பார்க்காமல் என்ன சார்! டி7 ஃபேஜ் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக டிஎன்ஏ போலவே வடிவமும் மின்னூட்டமும் கொண்ட ஒரு புரதத்தைச் செய்யும். சில வகைக் கத்திரிகள் அதைக் கவ்விக்கொண்டு ஏமாந்து நிற்கும். டி4 இன்னும் ஒரு படி மேலே. சாதாரண சைட்டோசினே வைத்துக்கொள்ளாது. மாற்றியமைத்த சைட்டோசினைப் போட்டு, அதன் தலையில் குளுக்கோஸையும் ஏற்றிவிடும்.

டி2 ஃபேஜும் இப்படித்தான். ஒரு ஈ.கோலை மியூட்டன்டில் டி2 நுழைந்தால் செல் சாகும், ஆனால் வைரஸ் வெளிவந்ததாகவே தெரியாது. லூரியா என்ற ஆய்வாளர் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் ஈ.கோலைக் குழாய் உடைந்துவிட, அதே பெர்டானியிடம் ஷிகெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவைக் கடன் வாங்கினார். அதில் வைரஸ்கள் ஜோராக வளர்ந்தன! 1952-இல் மேரி ஹ்யூமனோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். பின்னால்தான் தெரிந்தது, அங்கே விடுபட்டது மீதைல் இல்லை, சர்க்கரை. அந்த மியூட்டன்டால் குளுக்கோஸை ஏற்றி அனுப்ப முடியவில்லை.