தோட்டாவை விடுங்க, வேலியோட எர்த்தைப் பாருங்க

காட்டுப்பன்றியைச் சுட டங்ஸ்டன் ரவை போட்டுத் தோட்டாவை நீங்களே நிரப்பலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்ணே. உங்க உரிமம் துப்பாக்கி வச்சிருக்கத்தான், தோட்டா தயாரிக்க இல்லை. ஈயம் கன சென்டிமீட்டருக்கு 11 கிராம்னா அந்த ரவை 18. ஈயத்துக்கான அளவை நம்பி நிரப்பினா குழலே வெடிக்கலாம். பன்றியைச் சுட வனத்துறை அனுமதியும் வேணும்.

“சோலார் வேலி போட்டும் தேவகோட்டைக் கொல்லையில கடலையைத் தோண்டுது”ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு எர்த் மேலதான், அதாவது வேலிக்கு மின்சாரம் விடுற பெட்டியிலிருந்து மண்ணுல இறக்குற கம்பி மேலதான் சந்தேகம். நம்ம செம்மண் சித்திரையில செங்கல்லாக் காய்ஞ்சிடும். மண் வழியா மின்சாரம் திரும்பினாத்தான் பன்றிக்கு அடி விழும்.

இப்படிச் சோதிங்க:

1. பெட்டியை நிறுத்திட்டு, 100 மீட்டர் தள்ளி வேலிக் கம்பியில இரும்புக் கடப்பாரையைச் சாய்ச்சுத் தரையில ஊன்றுங்க.
2. பெட்டியைப் போட்டு, எர்த் கம்பியில வேலி டெஸ்டரை (வேலியோட வோல்ட்டை எண்ணுல காட்டுற மீட்டர்) வைங்க. 300 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் போதாது.

3 மீட்டர் இடைவெளியில இன்னும் ரெண்டு எர்த் கம்பி அடிங்க. பம்புசெட் தொட்டி வழியுற ஈர இடம்னா ரொம்ப நல்லது. எங்க கொல்லையில அங்க மாத்தின பிறகுதான் வேலி வேலை செஞ்சுது. அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல இருக்கக் கூடாது. பன்றி மூக்கால முட்டித்தான் நுழையும்.

எந்த அவசரத்துக்கும் கரண்ட் லைனை நேரா வேலியில கொடுத்துடாதீங்க. விடியக்காலையில வரப்புல நடக்குற மனுசன் உயிர் போயிடும்.